கியர் வெட்டுகிறவன் வாங்கிய பழைய பிஎம்டபிள்யூ

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன கியர் கட்டிங் பட்டறை இருக்கிறது. இரண்டு ஹாபிங் மெஷின், மூன்று லேத், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பம்ப் கம்பெனிகளுக்கும் நூற்பாலை இயந்திரம் செய்கிறவர்களுக்கும் பல்சக்கரம் வெட்டிக் கொடுக்கிறோம். 2019 ஆகஸ்டில் பதினான்கரை லட்சம் கொடுத்து ஒரு பழைய பிஎம்டபிள்யூ 320டி வாங்கியபோது வீட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இந்தக் காசுக்குப் புது வண்டியே வருமே, இது எதற்கு? 2013 மாடல், ஒரே ஓனர், 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

என் ஆசை முழுக்க அந்த வண்டியின் கியர்பாக்ஸ் மேல். இசட்எஃப் கம்பெனி செய்த 8 கியர் ஆட்டோமேட்டிக் அது. இசட்எஃப் என்ற பெயரே ஜெர்மன் மொழியில் ‘பல்சக்கரத் தொழிற்சாலை’ என்பதன் சுருக்கம்தான். 1915-ல் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற ஏரிக்கரை ஊரில், செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குக் கியர் செய்து கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்ட கம்பெனி. பல் வெட்டிப் பிழைக்கிற எனக்கு, நூறு வருடமாகப் பல் வெட்டுகிறவர்கள் செய்த பெட்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் கனவு. அதற்குள் நான்கு பிளானட்டரி கியர் செட் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் உருளும் அமைப்பு), ஐந்து கிளட்ச் பிரேக் அமைப்புகள். எந்தக் கியரில் இருந்தாலும் அந்த ஐந்தில் இரண்டுதான் திறந்திருக்கும். திறந்திருக்கும் தட்டுகள்தான் எண்ணெயில் வீணாக உரசிச் சக்தியைத் தின்னும் என்பதால், அதைக் குறைத்து வடிவமைத்திருக்கிறார்கள். முதல் நாள் அவிநாசி சாலையில் ஓட்டியபோது கியர் மாறுவதே தெரியவில்லை, டாக்கோமீட்டர் முள் மட்டும் அசைந்தது.

வண்டி ஜெர்மன் என்றாலும் பூட்டப்பட்டது நம் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில். 2007-லிருந்து பிஎம்டபிள்யூ தொழிற்சாலை அங்கே ஓடுகிறது. ‘சென்னையில் பூட்டின வண்டிதானே, நம்ம ஊர் மெக்கானிக் பார்க்க மாட்டாரா’ என்ற எண்ணம் எனக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எல்லா வண்டியும் பார்ப்போம் என்று போர்டு வைத்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் முதல் இரண்டு சர்வீஸையும் விட்டேன். கம்பெனி சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவாக வந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து, டாஷ்போர்டில் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது பில்லில் ‘கூலன்ட் டாப்அப் ரூ.180’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அன்றைக்கு நான் படிக்கக்கூட இல்லை.

2021 டிசம்பர். குன்னூரில் மனைவியின் சித்தப்பா வீட்டு விசேஷம். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறில் மலை ஏறத் தொடங்கி, பர்லியார் நெருங்கும்போது “ஏங்க, ஏசி அனலா வருது” என்றாள். கண்ணாடியை இறக்கினால் முன்னால் ஃபேன் பேய்க்கூச்சல் போடுகிறது. என் வண்டியில் பழைய கார்களைப் போல வெப்பநிலை காட்டும் முள் கிடையாது. எல்லை மீறினால்தான் சின்னம் வரும். அடுத்த வளைவில் அது வந்தது, சிவப்பில். வண்டியை ஓரம் கட்டி உடனே அணைத்தேன்.

இருநூறு மீட்டர் தள்ளி டீக்கடை தெரிந்தது. “அதுவரைக்கும் மெல்லமா ஓட்டிட்டுப் போயிடலாமே” என்றாள். பின்சீட்டில் குழந்தைகள், சாலை குறுகல், லாரிகள் உரசுகிற மாதிரி போகின்றன. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் சாவியைத் தொடவில்லை, எல்லோரையும் இறக்கி நடந்துபோகச் சொன்னேன். இந்த எஞ்சினில் மேல் மூடியான ஹெட் மட்டுமில்லை, கீழே இருக்கும் பிளாக்கும் அலுமினியம். கூலன்ட் இல்லாமல் சுடும் அலுமினியம் சில நிமிடங்களிலேயே வளைந்துவிடும். வளைந்த ஹெட்டை என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பட்டறைக்காரனான எனக்குத் தெரியும். இந்தப் பகிர்விலிருந்து ஒரே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: சிவப்புச் சின்னம் வந்தால் நிற்கிற இடம்தான் இடம்.

டீக்கடைக்காரர் நல்ல மனிதர், குடத்தில் தண்ணீர் கொண்டு வந்தார். வேண்டாம் என்று கும்பிட்டேன். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகமே விரிசல் விடலாம். பிறகு ஒரு ரெக்கவரி வண்டி வந்தது, முன் சக்கரத்தைக் கொக்கியில் தூக்கி இழுத்துப்போகிற வகை. அதையும் திருப்பி அனுப்பினேன். என் வண்டி, எஞ்சின் பின் சக்கரங்களைச் சுழற்றி ஓடுகிற வகை. எஞ்சின் அணைந்திருக்கும்போது கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப் ஓடாது. பின் சக்கரம் உருண்டால் உள்ளே கியர்கள் எண்ணெய் வரத்து இல்லாமல் சுற்றும். முழு வண்டியையும் மேலே ஏற்றுகிற தட்டு வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து வர மூன்று மணி நேரம் ஆனது. விசேஷத்துக்கு மனைவியும் குழந்தைகளும் பஸ்ஸில் போனார்கள்.

சிங்காநல்லூர் பக்கம் ஜெர்மன் வண்டிகள் மட்டும் பார்க்கிற ஒரு அண்ணன் இருப்பதாக நண்பர் சொன்னார். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்து சொந்தமாக ஷெட் போட்டவர். இரண்டு லிஃப்ட், ஒரு லேப்டாப், சுவரில் சீராக மாட்டிய டார்க் ரெஞ்சுகள் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி). அந்தச் சுவரைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் நிம்மதியானது. எங்கள் பட்டறையிலும் அளவுக் கருவிகளை அப்படித்தான் மாட்டி வைத்திருக்கிறோம்.

அவர் முதலில் லேப்டாப்பைத் தொடவில்லை. கூலன்ட் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தெளிந்த நீலமாக இருக்க வேண்டியது, புளிக்கரைசல் மாதிரி இருந்தது. பாட்டிலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வண்டல். “இதுக்கு முன்னாடி யாருங்க தம்பி கூலன்ட் ஊத்துனது?” என்றார். அப்போதுதான் அந்த 180 ரூபாய் ஞாபகம் வந்தது.

நடந்தது இதுதான். டேங்கில் கூலன்ட் குறைந்திருக்கிறது. கைக்குக் கிடைத்த பச்சைக் கூலன்ட்டில் போர் தண்ணீரைக் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். இந்த வண்டிக்கு உரியது ஜி48 என்ற தரக்குறியீடு கொண்ட நீல நிறக் கூலன்ட், அதோடு பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். அந்தக் கூலன்ட்டில் இருக்கும் சிலிகேட் அலுமினியத்தின் மேல் மெல்லிய காப்புப் படலமாக உட்காரும். வேறு வகைக் கூலன்ட்டும் உப்புத் தண்ணீரும் சேரும்போது அந்தச் சிலிகேட்டும், தண்ணீரில் இருக்கிற கால்சியமும் சேர்ந்து கசடாகப் படியும். ரேடியேட்டரின் நரம்பு போன்ற குழாய்களை அடைக்க அது போதும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள், தண்ணீர் என்றால் மென்மையானது என்றே நினைப்போம். ஒர்க்‌ஷாப்களில் பெரும்பாலும் வருவது ஆயிரம் அடி போர் தண்ணீர். பக்கெட்டில் காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும்.

நிறத்தையும் நம்பக் கூடாது என்றார் அண்ணன். நிறம் வெறும் சாயம். இதே நிறுவனம் பிறகு வந்த வண்டிகளுக்குப் பச்சை நிறத்தில் வேறு தரத்தில் கூலன்ட் தருகிறது. ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளுக்கு இளஞ்சிவப்பு, ஊதா. கேனில் பார்க்க வேண்டியது எழுத்தும் எண்ணும்.

ஹெட் தப்பியதா என்று பார்க்க ஒரு சோதனை செய்தார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம். அதை டேங்கின் வாயில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளிருந்து வரும் காற்றை அதன் வழியாக உறிஞ்சினார். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிந்தால் திரவம் நிறம் மாறிவிடும். பத்து நிமிடம் நானும் அவரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீலம் நீலமாகவே இருந்தது. “நிறுத்துனீங்க பாருங்க, அதான் தப்பிச்சுது” என்றார்.

ரேடியேட்டர், எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட், இரண்டு ஹோஸ் மாற்றினார். டிஸ்டில்டு வாட்டர் விட்டு மூன்று முறை அலசினார். கடைசியில் கூலன்ட்டை வாளியில் எடுத்து ஊற்றவில்லை. காற்றை உறிஞ்சி உள்ளே வெற்றிடம் உண்டாக்கி, அந்த வெற்றிடமே கூலன்ட்டை இழுத்துக்கொள்ளும்படி செய்கிற கருவி ஒன்று வைத்திருக்கிறார். இப்படி நிரப்பினால் காற்றுக் குமிழ் உள்ளே தங்காது. மொத்தம் 46,000 ரூபாய். டேங்க் எப்படியும் எட்டு வருடம் ஆன பிளாஸ்டிக், வெப்பத்தில் நொறுங்கும் வயதுதான். ரேடியேட்டர் மட்டும் இன்னும் பல வருடம் உழைத்திருக்கும்.

கூலன்ட் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் டேங்கில் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் ஈஜிஆர் கூலரை, அதாவது எஞ்சின் புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் பாகத்தைச் சந்தேகப்பட வேண்டும். 2018-ல் தென் கொரியாவில் சில வண்டிகள் தீப்பிடித்த பிறகு பிஎம்டபிள்யூ உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. அந்தக் கூலரில் கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூட்டில் பற்றிக்கொள்ள வாய்ப்பு இருந்ததுதான் காரணம். 2011-லிருந்து 2016 வரையிலான பல 4 சிலிண்டர் டீசல்கள் அந்த வரிசையில் வரும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சேசிஸ் எண்ணைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, பாக்கி ரீகால் வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். ரீகால் வேலைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

அதற்கு அப்புறம் வண்டி அண்ணனைத் தவிர வேறு கைக்குப் போகவில்லை. அவரிடம் நின்று பார்த்துக் கற்றதில் முதல் பாடம் எஞ்சின் ஆயில். 5டபிள்யூ-30 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். ஆனால் அந்த எண் எண்ணெயின் தடிமனை மட்டும் சொல்கிறது. ஜெர்மன் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தனித் தரம் எழுதி வைத்திருக்கின்றன: என் வண்டிக்கு பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, ஃபோக்ஸ்வாகன் டீசல்கள் பலவற்றுக்கு 507.00, மெர்சிடிஸில் பலவற்றுக்கு 229.51. கரி வடிகட்டி இருக்கும் டீசல் வண்டியில் இது இன்னும் முக்கியம். எரிந்த எண்ணெயின் சாம்பல் அந்த வடிகட்டியில் போய் உட்காரும். கரியைச் சூடேற்றி எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. அதனால் சாம்பல் குறைந்த எண்ணெயாகப் பார்த்து வாங்க வேண்டும். கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்தத் தரங்கள் அச்சாகியிருக்கும். கடையிலேயே படித்துவிட்டு வாங்குங்கள், பில்லோடு வாங்குங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? வண்டியே திரையில் சொல்லும். ஐரோப்பாவில் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தும். காந்திபுரம் சிக்னலில் தினமும் அரை மணி நேரம் நிற்கிற வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதுதான் என் கணக்கு.

ஆயில் ஃபில்டரின் மூடியில் 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சிலேயே வார்த்திருக்கிறார்கள். முதல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையன் ஸ்பானரில் பைப் சொருகி இறுக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். ‘டைட்டா இருந்தா லீக் ஆகாது சார்’ என்றான். அவன் மேல் தப்பில்லை, அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் அந்த மூடியைக் கழற்றியபோது ஓ-ரிங் தட்டையாக நசுங்கி ஒரு இடத்தில் வெட்டியிருந்தது. கசிவைத் தடுப்பது அந்த ரப்பர் வளையம், இறுக்கம் இல்லை. ஒவ்வொரு முறையும் புது ஓ-ரிங், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச். இந்த மூன்றுக்கும் சேர்த்து இருநூறு ரூபாய்கூட ஆகாது.

சரி, கியர்பாக்ஸுக்கு வருகிறேன். 95,000 கிலோமீட்டர் வாக்கில் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தது. சிக்னலை நெருங்கி நிற்கப்போகும்போது, இரண்டாவதிலிருந்து முதல் கியருக்கு இறங்கும் நேரத்தில், முதுகில் யாரோ ஒரு விரலால் தட்டுகிற மாதிரி ஒரு அதிர்வு. மனைவிக்குத் தெரியவில்லை, டிரைவருக்கும் தெரியவில்லை. கியர் சத்தத்தோடு இருபத்திரண்டு வருடமாக வாழ்கிறவன், எனக்குத் தெரிந்தது.

விசாரித்த இடத்திலெல்லாம் ‘அது லைஃப்டைம் ஆயில் சார், தொடாதீங்க’ என்றார்கள். வண்டி செய்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப், 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. பல்லையும் கிளட்ச்சையும் செய்தவர்கள் யாரோ அவர்கள் பேச்சைத்தான் நான் கேட்பேன். எங்கள் பட்டறையில் ஹாபிங் மெஷின் எண்ணெயை வருடம் தவறாமல் மாற்றுகிறோம். அதுவும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நன்றாக ஓடும்போதே மாற்றுகிறோம்.

அன்றைக்குப் பட்டறைக்கு லீவ் விட்டுவிட்டு லிஃப்ட் அடியிலேயே நின்றேன். இந்தக் கியர்பாக்ஸின் அடித்தட்டு பிளாஸ்டிக். ஃபில்டர் அதற்குள்ளேயே சேர்ந்து வருவதால், ஃபில்டர் மாற்ற வேண்டுமென்றால் தட்டையே புதிதாகப் போட வேண்டும். பழைய தட்டைக் கழற்றினால், உள்ளே இருக்கும் காந்தங்களில் விபூதியைக் குழைத்துப் பூசியது போல சாம்பல் நிறப் பசை. விரலில் எடுத்து கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன். நறநறப்பு இல்லை, மை போல வழுக்கியது. அது இயல்பான தேய்மானம். மணல் போல நெருடினாலோ, மினுக்குத் துகள் தெரிந்தாலோதான் கவலைப்பட வேண்டும். எண்ணெய் கருப்பாக, லேசான கருகல் வாடையோடு இருந்தது.

எண்ணெயை வடித்து அளந்து அதே அளவு ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் பல பேர் தவறு செய்கிறார்கள். இதில் அளவுகோல் குச்சி கிடையாது. வண்டி மட்டமாக லிஃப்டில் நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுக்க வேண்டும், எண்ணெயின் வெப்பம் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது நிரப்பும் துளையில் எண்ணெய் நூல் போல வழிய வேண்டும். அதுதான் சரியான மட்டம். அதற்கு மேல் சூடானால் எண்ணெய் விரிந்து வழியும், நிறைந்துவிட்டது என்று ஏமாந்து மூடிவிடுவோம். பிறகு குறைந்த எண்ணெயோடு ஓடும். அண்ணன் லேப்டாப்பில் வெப்பநிலையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார், அவருடைய உதவியாளர் கீழே துளையருகில் கண்ணை எடுக்காமல் இருந்தார். “முப்பத்தெட்டு… முப்பத்தொம்போது…” “நூல் வருதுண்ணா.” “மூடு.”

ஏழு லிட்டர் எண்ணெய், புதுத் தட்டு, போல்ட்டுகள், கூலி எல்லாம் சேர்த்து 38,000. இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்தத் தட்டல் நின்றுவிட்டது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி வைத்திருக்கும் நண்பர்களுக்கு: உங்கள் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஈர கிளட்ச் வகையா, உலர் கிளட்ச் வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஈர கிளட்ச் 6 கியர் டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்லி அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை ‘லைஃப்டைம்’ கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ் மாற்றுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் இதைக் கவனிப்பதில்லை. நம் ஊர் வேகத்தடைகளில் முன்பக்க ஆர்ம் புஷ்தான் முதலில் போகும். புது புஷ் போட்டு, வண்டி லிஃப்டில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். ஒவ்வொரு குழியிலும் இன்னும் முறுக்கும், சில மாதங்களில் கிழியும். சக்கரம் தரையில் இருக்கும் உயரத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி வைத்து, அதற்கு அப்புறம்தான் கடைசி இறுக்கு. முதல் ஒர்க்‌ஷாப்பில் போட்ட புஷ் எனக்கு எட்டு மாதம் வந்தது. அண்ணன் போட்டது மூன்று வருடம் தாண்டி இன்னும் இருக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி புஷ்.

பேட்டரி மாற்றினால் வண்டிக்குச் சொல்ல வேண்டும். இதில் இருப்பது ஏஜிஎம் வகை, டிக்கியில் இருக்கிறது. பேட்டரிக்கு வயதாக ஆக, அதற்கேற்றபடி சார்ஜ் ஏற்றும் முறையை வண்டி மாற்றிக்கொள்ளும். புதிதை மாட்டிவிட்டு ஸ்கேன் கருவியில் பதிவு செய்யாமல் விட்டால், கிழவனுக்குக் கொடுக்கிற பக்குவத்திலேயே குழந்தைக்கும் சாப்பாடு போகும். என் வாடிக்கையாளர் ஒருவர் அப்படியே விட்டு ஒன்றே கால் வருடத்தில் பேட்டரியை இழந்தார். பதிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பிரேக் பேடில் முன் இடது, பின் வலது சக்கரங்களில் தேய்மான சென்சார் இருக்கும். தேய்ந்து அறுபட்டால் அது மறுபடி உதவாது, பேடோடு சேர்த்து மாற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதில் சமரசமே வேண்டாம். மலைப்பாதை ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. டயர் கடையில் பஞ்சர் ஒட்டினால் கூடவே நில்லுங்கள்: கதவுக்குக் கீழே குறிப்பிட்ட நான்கு இடங்களில்தான் ஜாக்கி வைக்க வேண்டும், மற்ற இடத்தில் வைத்தால் தகடு மடங்கும். ஏர் கன்னில் கடைசி வரை இறுக்க விடாதீர்கள். நான் டார்க் ரெஞ்ச் ஒன்றை டிக்கியிலேயே வைத்திருக்கிறேன்.

பார்ட்ஸ் விஷயத்தில் எனக்குக் கிடைத்த பெரிய தெளிவு, டப்பாவின் மேல் இருக்கும் பெயர் வேறு, உள்ளே செய்தவர் வேறு என்பது. கார் கம்பெனிக்கே சப்ளை செய்கிறவர்கள் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். ஃபில்டருக்கு மான், மாலே. பிரேக்குக்கு ஆட்டே, டெக்ஸ்டார். புஷ், ஆர்முக்கு லெம்ஃபோர்டர். ஷாக் அப்சார்பருக்கு சாக்ஸ். கடைசி இரண்டும் இசட்எஃப் குழுமத்தின் பெயர்கள்தான். சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்தைக் கொடுத்தால் உங்கள் வண்டிக்கே உரிய பார்ட் எண் கிடைக்கும், பிஎம்டபிள்யூவில் அது 11 இலக்கம். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேளுங்கள். ‘320டி-க்கு தெர்மோஸ்டாட்’ என்று கேட்டால் என்ன வேண்டுமானாலும் வரும்.

இனி எந்தப் புத்தகத்திலும் இல்லாத இரண்டு விஷயங்கள். ஒன்று எலி. ஒரு வாரம் ஓட்டாமல் நிறுத்தினால் போதும், பானெட்டுக்குள் வயரைக் கடித்துவிடும். இந்த வண்டிகளில் ஒரு வயர் துண்டானால் ஏழு எச்சரிக்கை வரும். எங்கள் பக்கத்து வழக்கப்படி புகையிலையைத் துணியில் முடிந்து பானெட்டுக்குள் தொங்க விடுகிறேன். பெல்ட்டுக்கும் சைலன்சர் சூட்டுக்கும் தள்ளிக் கட்ட வேண்டும், மாதம் ஒருமுறை புதிதாக மாற்ற வேண்டும். இரண்டாவது, மர நிழல். வீட்டு வாசலில் புங்கை மரம். பூ உதிரும் காலத்தில் முன் கண்ணாடிக்குக் கீழேயும் சன்ரூஃப் ஓரத்திலும் இருக்கும் வடிகால் துளைகளில் பூ மக்கி அடைத்துக்கொள்ளும். மழைநீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இறங்கும். பேட்டரியும் பல மின்னணுப் பெட்டிகளும் எங்கே இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, கீழே வழிகிறதா என்று நானே பார்த்துவிடுவேன்.

எல்லா வேலைக்கும் வெளி ஒர்க்‌ஷாப் என்று நான் சொல்ல மாட்டேன். ரீகால், சாவி, ஏர்பேக், சாஃப்ட்வேர் என்றால் நேராகக் கம்பெனிக்குப் போய்விடுவேன். அண்ணனும் அதைத்தான் சொல்வார். தனக்கு முடியாததை முடியாது என்று சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஸ்கேனில் வந்த பிழைக் குறியீட்டை (கோடு) பார்த்த உடனே பார்ட் மாற்றச் சொல்கிறவரிடம் கொஞ்சம் நிதானியுங்கள். “கோடு சொல்றது எங்க வலிக்குதுன்னு மட்டுந்தானுங்க, ஏன் வலிக்குதுன்னு நாமதான் பாக்கணும்” என்பார் அண்ணன்.

செலவுக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு வருடம், 74,000 கிலோமீட்டர். டீசலும் இன்ஷூரன்ஸும் போக, டயர் சேர்த்து 4 லட்சத்து 60 ஆயிரம். பர்லியார் செலவும் இதில் அடக்கம். இப்படி ஒரு வண்டி வாங்க நினைக்கிறவர்கள் வண்டி விலைக்கு மேல் குறைந்தது ஒன்றரை லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு இறங்க வேண்டும். வாங்கிய முதல் மாதத்திலேயே எல்லா எண்ணெயும் கூலன்ட்டும் மாற்றிவிட வேண்டும். முந்தைய ஓனர் எதை ஊற்றினார் என்று யாருக்கும் தெரியாது. மெக்கானிக்கை முதலில் தேடுங்கள், வண்டியை அப்புறம் தேடுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி முறை வேண்டும் ஒருவனுக்காகத் திருப்பூரில் ஒரு பழைய 320டி பார்க்கப் போகிறோம். இந்தத் தலைமுறை எஞ்சினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் அது தேய்வது பரவலாகத் தெரிந்த விஷயம். மாற்றுவதென்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். தேய்ந்த செயின், ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில்தான் சரசரவென்று காட்டிக் கொடுக்கும். சூடாக்கி வைத்துவிட்டால் பல நேரம் எதுவும் கேட்காது. அதனால் தம்பியிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்: காலை ஏழு மணிக்கு நாங்கள் போய்ச் சேரும்வரை ஓனர் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. போனதும் முதலில் பானெட் மேல் கை வைத்துப் பார்ப்பேன்.